உறைந்துபோன ஸ்டீயரிங் எண்ணெய்

தேங்காய் எண்ணெய் குளிரில் உறைகிறதே, காரின் பவர் ஸ்டீயரிங் எண்ணெயும் உறையாதா என்று நினைத்த முட்டாள் நான். அதுவும் குளிர்ப் பிரதேசமான கேமரன் மலையில் அல்ல. வெயில் கொளுத்தும் கடலோர ஜார்ஜ் டவுனில், விடாத மழையில் கொஞ்சம் சில்லென்றிருந்த ஒரு காலையில்.

ஒன்பது மணிக்கு மகளுக்குப் பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் நேர்முகத் தேர்வு. எட்டு மாதமாக வேலையில்லாதவளுக்கு வந்த ஒரே அழைப்பு. அந்த மழையில் வாடகைக் கார் ஒன்றும் கிடைக்கவில்லை. என் பழைய காரின் ஸ்டீயரிங்கில் இரண்டு கைகளாலும் தொங்கினேன். அது முனகியதே தவிரத் திரும்பவில்லை. காரின் முன்மூடியைத் திறந்து, ஸ்டீயரிங் எண்ணெய்க் குப்பிக்கு வெந்நீர்த் துண்டால் ஒத்தடம் கொடுத்தேன். மகள் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

வேறு வழியின்றிப் பாகான் டாலாமில் கடை வைத்திருக்கும் மெக்கானிக்கைத் தொலைபேசியில் அழைத்தேன்.

"தம்பி, மகளுக்கு இன்டர்வியூ! குளிர்ல ஸ்டீயரிங் எண்ணெ கெட்டியாயிடுச்சு லா!"

"காருக்குக் கீழ சிவப்பா ஒழுகுதாண்ணே?"

"ரெண்டு மாசமா ஒழுகுது. தரை அழுக்காகுதேன்னு அட்டை போட்டிருக்கேன், வாராவாரம் மாத்திடுவேன்," என்றேன், பாராட்டை எதிர்பார்த்து.

"அப்ப ஸ்டீயரிங் எண்ணெ பூரா அந்த அட்டையிலதான் இருக்கு. மகளையும் அதிலயே ஏத்திக்கிட்டுப் போங்கண்ணே."