ஒரு நிமிஷத்துக்கு ஐந்து நாள்

போன ஞாயிற்றுக்கிழமை ஒரு புதுக் கணக்குப் படித்தேன். ஒரு நிமிஷத்துக்கு எத்தனை நாள்? சிரிக்காதீர்கள்... ஐந்து நாள்!

சொல்லிக்கொடுத்தவர் மாத்தளை ஜோசியர் ஒருவர். இடம், இரத்தோட்டைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்து லயம். அங்கே குடியிருக்கும் என் சிநேகிதர் வேலாயுதத்தின் மகள் கமலத்துக்குக் கல்யாணப் பேச்சு. இலங்கை சுதந்திரம் பெற்ற வருஷம் பிறந்தவள், வயது இருபத்திரண்டு. பத்திரிகையில் எழுதுகிறவன் பக்கத்தில் இருந்தால் ஒரு மதிப்பு என்று என்னையும் கூப்பிட்டிருந்தார்.

மாப்பிள்ளை பஸ் டிரைவர். பையனுக்கும் பெண்ணுக்கும் பிடித்தாயிற்று. இது நாலாவது வரன். முதல் மூன்றையும் சாதகம் தின்றுவிட்டது. இதுவும் போனால் இனி யார் வருவார்கள் என்று வேலாயுதம் நடுங்கிக்கொண்டிருந்தார்.

ஜோசியர் இரண்டு சாதகத்தையும் பார்த்தார். உதட்டைப் பிதுக்கினார்.

"தசா சந்தி இருக்குங்க. ரெண்டு பேருக்கும் தசை மாறுறதுல ஆறு மாசமாவது இடைவெளி வேணும். இங்க மாப்பிள்ளைக்கு மாறி பதினஞ்சாம் நாள் பொண்ணுக்கு மாறுது. கட்டி வச்சா குடும்பம் தாங்காது."

மாப்பிள்ளையின் தகப்பனார் — டவுனில் தையல் கடை வைத்திருப்பவர் — சால்வையை உதறிக்கொண்டு எழுந்தேவிட்டார்.

அப்போதுதான் தேத்தண்ணி கொண்டுவந்த கமலம் வாயைத் திறந்தாள்.

"அப்பா, நான் பொறந்த நேரத்த எந்த மணிக்கூட்டுல பாத்தீங்க?"

"பெக்டரி மணிக்கூட்டுலதான். வேற ஏது?"

"அது அரை மணி முன்னால ஓடுமே!"

உண்மைதான். தோட்டத்தில் எல்லோருக்கும் தெரிந்த ரகசியம். காலையில் ஆட்களைப் பெரட்டுக்களத்தில் அரை மணி முந்தியே நிறுத்தி வேலை பிரிக்கத் தோட்டத்தை நடத்தும் துரை செய்த ஏற்பாடு. வெள்ளைத் துரை போய் நாட்டுத் துரை வந்தார். மணிக்கூடு மட்டும் மாறவில்லை. அந்தத் தோட்டத்தில் சூரியனே தினமும் லேட்!

ஜோசியர் பென்சிலை எடுத்தார். பெண் பிறந்தது பரணியில். அதற்கு இருபது வருஷத் தசை. நட்சத்திரம் நிற்பதோ ஏறக்குறைய ஒரு நாள். அந்த ஒரு நாளை இருபது வருஷமாக இழுத்தால், நிமிஷத்துக்கு ஐந்து நாள். கமலம் நிஜத்தில் அரை மணி முந்திப் பிறந்தவள் என்றால், பரணியில் மிச்சம் அவ்வளவு கூடும்; அவளுக்குத் தசை மாறுவது நூற்றைம்பது நாள் பிந்தும். பழைய பதினைந்தையும் கூட்டினால் ஐந்தரை மாதம்.

"இன்னும் பதினஞ்சு நாள் குறையுதே..." என்று ஜோசியர் பென்சிலை நிறுத்தினார்.

நானும் விரல் விட்டு எண்ணிக்கொண்டிருந்தேன் — இதையெல்லாம் வாராவாரம் கேலி செய்கிற நான்!

"வேலாயுதம், புள்ள அழுத ஒடனே மணி பாத்தீங்களா?" என்றார் ஜோசியர்.

"லயத்துல இருந்து பெக்டரிக்கு ஓடிப்போய்ப் பாத்தேங்க. மேடு... அஞ்சு நிமிஷம் ஆகியிருக்கும்."

"அஞ்சு நிமிஷம்... இருபத்தஞ்சு நாள்! ஆறு மாசம் தாண்டிருச்சு. தாராளமா செய்யலாம்!"

தையல்காரர் உட்கார்ந்தார். வெற்றிலைத் தட்டு வந்தது. வேலாயுதம் அழுதேவிட்டார். நல்ல வேளை, அன்று மேட்டில் ஓடினார். இரண்டே நிமிஷத்தில் போய்ச் சேர்ந்திருந்தால் இந்த வரனும் போயிருக்கும்.

கமலம் மட்டும் உள்ளே போகவில்லை.

"ஐயா, இன்னொரு கணக்கு. காலையில வேலைக்கு எறங்குறது பெக்டரி மணிக்கூட்டுக்கு. சாயங்காலம் விடுறது தொர கைமணிக்கூட்டுக்கு — அது சரியா ஓடும். நான் பொறந்ததுல இருந்து அப்பாகிட்ட தெனம் அரை மணி எடுத்துக்கிட்டாங்களே... அது எத்தன மாசம்?"

ஜோசியர் பென்சிலைக் காதில் செருகிக்கொண்டார். நான்தான் போட்டுப் பார்த்தேன். வருஷத்துக்கு முந்நூறு நாள், நாளுக்கு எட்டு மணி நேர வேலை என்று வைத்தால், நானூறு நாளுக்கு மேல் வருகிறது. ஒரு வருஷத்துக்கும் மேலாக ஒரு மனிதனைச் சும்மா வேலை வாங்கியிருக்கிறார்கள்! பதினைந்து நாள் குறைகிறதே என்று பதறிய எங்களில் ஒருவருக்கும் அது தோன்றவில்லை. எனக்கு வெட்கமாக இருந்தது.

கிளம்பும்போது ஜோசியரைக் கேட்டேன்: "தொரைக்கு இப்ப என்ன தசை நடக்குதுங்க?"

பஞ்சாங்கத்தைத் திறக்காமலே சொன்னார்: "சுக்கிர தசைதான்!"