வலது தோள் பூ

என் சித்தி மகனுக்கு முப்பத்து நான்கு வயது. காரிமங்கலம் பக்கம் சொந்த நிலத்தில் தக்காளியும் ராகியும் போடுகிறான். அவனுக்குப் பெண் அமையாததற்கு அதுதான் காரணம். வந்தவர்கள் காபி குடித்தார்கள், மாப்பிள்ளைக்குச் சம்பள வேலை இல்லையா என்று கேட்டார்கள், போய்விட்டார்கள். கடைசியில் ஓசூரில் கம்பெனி வேலை பார்க்கும் ஒரு பெண் சம்மதம் சொன்னாள். அவனுக்கும் பிடித்துப்போயிற்று. இனி அம்மன் சொல்ல வேண்டியதுதான் பாக்கி.

எங்கள் ஊரில் அதற்குப் பூ கேட்பார்கள். அம்மன் சிலையின் இரண்டு தோள்களிலும் நனைத்த அரளிப் பூவை ஒட்டி வைப்பார்கள். வலது தோளின் வெள்ளைப் பூ முதலில் விழுந்தால் கல்யாணம். இடது தோளின் சிவப்பு முந்தினால் பேச்சு அதோடு நின்றுவிடும். மூத்தவனுக்குச் சித்தி பூ கேட்கவில்லை. அந்தக் கல்யாணம் ஒரு வருடம்கூடத் தாங்கவில்லை. அதற்குப் பிறகு இந்த விஷயத்தில் யாரும் அவளோடு வாதாடுவதில்லை.

சித்திரை மாதத்து வெள்ளிக்கிழமை. இரு வீட்டாரும் கோயிலில் உட்கார்ந்திருந்தோம். பூசாரி பூக்களை வைத்துவிட்டு, புழுக்கத்துக்காக ஸ்டாண்டு மின்விசிறியைப் போட்டார். பெண்ணின் அப்பா எழுந்துவிட்டார்.

"பேன நிறுத்துங்க பூசாரி. கரண்டு காத்துல வுழுந்தா அது சாமி வாக்கு ஆவுங்களா?"

"நிறுத்திடுங்க," என்றாள் சித்தி. "நாளைக்கு ஒரு பேச்சு வரக் கூடாதுங்கண்ணா."

நிறுத்தினார்கள். எல்லோருக்கும் சட்டை முதுகில் ஒட்டியது. சித்தி மகன் வெள்ளைப் பூவிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. பெண் இரண்டு முறை மணி பார்த்தாள். அவளுக்கு மதிய ஷிஃப்ட்.

நகர்ந்தது சிவப்புப் பூ. தோளிலிருந்து வழுக்கி, அம்மனின் சேலை மடிப்பில் மாட்டிக்கொண்டு தொங்கியது. சித்தி மகன் தலையைக் குனிந்துகொண்டான்.

"போச்சுங்களா?" என்றார் பெண்ணின் அப்பா.

"தரைக்கு வந்தாத்தாங்க வாக்கு," என்றார் பூசாரி. "நடுவுல நிக்கறதெல்லாம் சேத்தி இல்லைங்க."

அது தரைக்கு வர ஒரு தும்மல் போதும். யாரும் அசையவில்லை. பெண்தான் பேசினாள்.

"அத்தை, சாமிக்கும் வேர்க்குமில்லீங்க?"

சித்தி அவளைப் பார்த்தாள். பிறகு குனிந்திருந்த மகனைப் பார்த்தாள். எழுந்து போய் மின்விசிறியின் தலையைக் கொஞ்சம் திருப்பினாள், அம்மனின் வலப்பக்கமாக. சுவிட்சைப் போட்டாள். வெள்ளைப் பூ விழ அதிக நேரம் ஆகவில்லை.

பெண்ணின் அப்பா வாயைத் திறந்தார், மகளின் முகத்தைப் பார்த்தார், மூடிக்கொண்டார்.

"ஆத்தா குடுத்துட்டா," என்றார் பூசாரி.

வாசலில் செருப்பு மாட்டும்போது பெண் கேட்டாள்: "அத்தை, வூட்டுலயும் பேன் சுவிட்சு உங்க கையிலதானுங்களா?"

"இன்னி வரைக்கும். நீ வந்து புடுங்கிக்க."

சித்தி மகன் சத்தமாகச் சிரித்தான். அப்பாவையும் மகளையும் பஸ் ஏற்றிவிட அவர்களோடு நடந்தான். சித்தி மட்டும் மறுபடி உள்ளே போனாள். மின்விசிறியை நிறுத்தினாள். சிவப்புப் பூ இன்னும் மடிப்பில் தொங்கிக்கொண்டிருந்தது. கைகூப்பி அதன் எதிரில் வெகுநேரம் நின்றாள்.