நீலத் துண்டில் வடிகட்டிய எண்ணெய்

என் அண்ணனை எல்லோருக்கும் பிடிக்கும். எனக்கும் பிடிக்கும், அவன் அனுப்பும் எண்ணெய்க் குப்பி என் மேசைக்கு வராத நாட்களில்.

அண்ணன் ஆற்றைக் கடக்கும் பயணிகள் படகில் இன்ஜின் பார்ப்பவன். குழாய், போல்ட், கைப்பிடி என்று எந்நேரமும் எதையாவது துடைத்துக்கொண்டே இருப்பதால் படகில் அவனுக்குப் பெயர் பளபளா. வீட்டிலும் அதே கதைதான். விருந்தாளி வருகிறார் என்றால் கண்ணில் படும் குப்பையெல்லாம் கட்டிலுக்கு அடியில் போய்விடும். சர்க்கரை பார்க்க டாக்டரிடம் போவதற்கு முன் ஒரு வாரம் இனிப்பைத் தொடமாட்டான். டாக்டர் மெச்சி அனுப்பியதும், வரும் வழியிலேயே பேக்கரிக்குள் நுழைவான். தலையில் அடித்துக்கொள்வது அண்ணியின் வேலை.

என் வேலை எண்ணெய் பார்ப்பது. ஓடும் இன்ஜினிலிருந்து கொஞ்சம் எண்ணெய் எடுத்து அனுப்பினால், எந்த உலோகம் தேய்ந்து அதில் கலந்திருக்கிறது, தண்ணீர் புகுந்திருக்கிறதா என்று எங்கள் சோதனைக்கூடத்தில் சொல்லிவிடுவோம். இன்ஜினைப் பிரிக்கவே வேண்டாம். ஆனால் எண்ணெய் ஒழுங்காக வந்து சேர வேண்டுமே. கழுவாத ஷாம்பு பாட்டிலில் பிடித்து அனுப்புகிற மகராசன்கள் இருக்கிறார்கள். ஒருவர் மூடியே போடாமல் பஸ்ஸில் கொடுத்தனுப்பினார். இவர்களோடு மல்லுக்கட்டியே என் தொண்டை போய்விட்டது.

அண்ணனின் குப்பி மட்டும் துடைத்து, மூடி இறுக்கி, மாப்பிள்ளை மாதிரி வரும். இந்த முறை அதை நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தேன். பேருக்குக்கூட ஒரு உலோகத் துகள் இல்லை. நீலப் பஞ்சு இழைகள்தான் ஏராளம். அந்த நீலம் எனக்குத் தெரியும். அண்ணன் தோளில் எப்போதும் கிடக்கும் துண்டு, வாங்கிக் கொடுத்ததே நான்தான். உடனே போன் போட்டேன்.

“அண்ணா, எண்ணெயை வடிகட்டினியா?”

“பின்ன? ரெண்டு நாள் தெளிய வச்சு, மேலாப்புல ஊத்தி, துண்டுல வடிகட்டித்தான் அனுப்புறேன். நாலு பேர் பாக்குற இடத்துக்கு அழுக்கையா அனுப்பச் சொல்றே?”

“அந்த அழுக்கைப் பாக்கத்தான் எனக்குச் சம்பளமே குடுக்குறாங்க.”

“டாக்டர்கிட்டப் போனா முகம் கழுவிட்டுப் போறதில்லையா பாப்பா? அது மாதிரிதான்.”

போனைச் சுவரில் எறியலாம் போல இருந்தது. தெளிய வைத்தால் தண்ணீர் அடியில் நின்றுவிடும். வடிகட்டினால் துகள் துண்டில் நின்றுவிடும். நான் தேடுகிற இரண்டையும் அவனே வைத்துக்கொண்டு மிச்சத்தை எனக்கு அனுப்பியிருக்கிறான். பள்ளிப் பிள்ளைகளோடு போகும்போது அந்த இன்ஜின் நடு ஆற்றில் நின்றால், படகு நீரோட்டத்தில் போய்ப் பாலத்தூணில் மோதும்.

மாலையே படகுத்துறைக்குப் போனேன். கடைசி நடை முடிந்து இன்ஜினை நிறுத்தியதும், சூடு ஆறுமுன் மெல்லிய குழாயை உள்ளே விட்டு நானே எண்ணெயை உறிஞ்சி எடுத்தேன். அண்ணன் பக்கத்தில் நின்று, நான் சிந்திய சொட்டுகளைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

“கொஞ்சம் தெளியட்டுமே,” என்றான்.

“வாயை மூடிட்டு நில்லு.”

காலையில் முதல் வேலையாக அதைச் சோதித்தேன். செம்பும் ஈயமும் எகிறிக் கிடந்தன. தண்ணீரும் இருந்தது. மறுபடியும் போன்.

“அண்ணா, படகை எடுக்காதே. பேரிங் தேயுது, தண்ணி வேற இறங்குது.”

“ஆளுங்க ஏறி உக்காந்துட்டாங்களே.”

“இறக்கு.”

இறக்கினான். முதலாளி கத்துவது எனக்கே போனில் கேட்டது. “என் தங்கச்சி சொன்னா எடுக்கமாட்டேன் சார்,” என்று அண்ணன் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றானாம். பிரித்துப் பார்த்தபோது பேரிங்கின் மேல்பூச்சு உரிந்து செம்பு பல்லிளித்துக்கொண்டிருந்தது.

சரி, இப்போதாவது புத்தி வந்திருக்கும் என்று நம்பி, ஞாயிற்றுக்கிழமை அவர்கள் வீட்டுக்குப் போனேன். அண்ணன் சர்க்கரை இல்லாத டீயை விளக்கெண்ணெய் குடிப்பதுபோல் குடித்துக்கொண்டிருந்தான்.

“நாளைக்குச் சர்க்கரை டெஸ்டுக்கு ரத்தம் குடுக்கணும். ஒரு வாரமா இதே கூத்து,” என்றாள் அண்ணி.

எனக்கு வந்ததே கோபம். “ஏண்ணா, இவ்வளவு பட்ட பிறகுமா? உன்னையும் வடிகட்டித்தான் அனுப்புவியா?”

அவன் நிமிரவில்லை. துண்டால் மேசையைத் துடைத்தான். சுத்தமாக இருந்த மேசையைத்தான்.

“இன்ஜினைப் பிரிச்சப்போ பாத்தேன் பாப்பா. வெளிய அவ்வளவு பளபளன்னு வச்சிருந்தேன், உள்ள அப்படிக் கெடந்துச்சு. நம்ம உள்ள என்ன கெடக்கோன்னு பயமா இருக்கு.”

என் கோபம் ஒன்றும் குறையவில்லை. ஆனால் கூடவே அழுகையும் வந்து தொலைத்தது.

“மூணு மாசச் சர்க்கரையைக் காட்டுற டெஸ்ட் ஒண்ணு இருக்கு. இந்த ஒரு வாரப் பட்டினியெல்லாம் அதுல எடுபடாது. நாளைக்கு அதை எடுக்கச் சொல்றேன். நானும் கூட வரேன்.”

துண்டை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டான்.

“துண்டை எடுத்துக்கலாமா?”

“வீட்டுல வச்சிட்டு வா.”