என்ஜின் ஒரு பங்கு

எரிந்த ஆயிலின் வாடை எனக்குச் சாம்பிராணி மாதிரி. அருப்புக்கோட்டை பஸ் ஸ்டாண்டில் ஏதாவது ஒரு கிழட்டு வண்டி நீலப்புகையைக் கக்கிக்கொண்டு உறுமினால், சுற்றி நிற்கிற பெண்கள் எல்லோரும் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொள்ள, நான் மட்டும் ஒரு மூச்சு ஆழமாக இழுத்துக்கொள்வேன். இழுத்த கையோடு என் பெரியப்பாவின் முகம் ஞாபகத்துக்கு வந்துவிடும், பல்லைக் கடித்துக்கொள்வேன். செத்தவர்களை ஏசக்கூடாது என்பார்கள். நான் ஏசவில்லை, நடந்ததைத்தான் சொல்லப்போகிறேன்.

எங்கள் ஊர் அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழிக்குப் போகிற ரோட்டை விட்டுக் கொஞ்சம் உள்ளே தள்ளி இருந்தது. கரிசல் காடு, மழை பெய்தால் பருத்தி, கம்பு, மல்லி விளையும், பெய்யாவிட்டால் வம்பு மட்டும் விளையும். அந்த ஊருக்கு எங்கள் தாத்தா, பட்டாளத்து ஏலத்தில் ஒரு பெட்ரோல் லாரியை எடுத்து ஓட்டி வந்தார். முன்பக்கம் நீளமாக நீட்டிக்கொண்டிருந்ததால் சுற்றுவட்டாரத்தில் அதற்கு "மூக்கு லாரி" என்று பேர். "ஹேண்டில்" என்கிற வளைந்த இரும்புக் கம்பியை அந்த மூக்கில் செருகி, தம் பிடித்துச் சுழற்றினால்தான் கிளம்பும். தாத்தாவுக்குப் பிறகு அப்பா வண்டியை ஓட்ட, அப்பாவின் ஒரே அண்ணனான பெரியப்பா வியாபாரிகளிடம் பேசி லோடு பிடிக்க, அறுபதுகளின் கடைசிவரைக்கும் இரண்டு குடும்பமும் ஒரே உலையில் பொங்கிச் சாப்பிட்டோம்.

அந்தக் கடைசி வருசக் கோடையில் லாரி ஆயில் குடிக்க ஆரம்பித்தது. பாலவனத்தம் தாண்டி விருதுநகர் போய் வருவதற்குள், பெட்ரோலுக்கு ஆகிற செலவில் பாதி ஆயிலுக்கு ஆகும் என்று பெரியப்பா புலம்புவார். மேட்டில் ஏறும்போது பின்னால் வருகிற மாட்டு வண்டிக்காரர்கள் புகைக்குள் மறைந்துபோவார்கள். பெட்ரோல் என்ஜினைத் தூக்கி எறிந்துவிட்டு டீசல் என்ஜின் வைக்க வேண்டும் என்றார் பெரியப்பா. "என்ஜினை இறக்கி வேலை பார்த்தால்" போதும், சிலிண்டரைக் கடைந்து புது பிஸ்டன் போட்டால் இன்னொரு தலைமுறைக்கு ஓடும் என்றார் அப்பா. நியாயமாகப் பார்த்தால் இருவர் பேச்சிலும் பாதிப் பாதி சரி இருந்தது. ஆனால் எங்கள் குடும்பத்தில் பாதி சரியாக இருப்பதோடு திருப்திப்படுகிற ஆள் யாரும் பிறக்கவில்லை. கோடை முழுக்க லாரி புளியமரத்தடியில் நிற்க, அண்ணனும் தம்பியும் முகம் பார்த்துப் பேசாமல் அடுக்களைச் சுவரைப் பார்த்துப் பேசிக்கொண்டார்கள்.

இதோடு நின்றிருந்தால் ஆறிப்போயிருக்கும். ஒரு நாள் ரோட்டடி டீக்கடையில், நாலு பேர் இருக்கும்போது, பெரியப்பா ஒரு சொல் சொன்னார். "அந்த என்ஜினும் என் தம்பியும் ஒரே ரகம்ப்பா. புகைதான் வரும், இழுவை கிடையாது."

டீக்கடைச் சொல் வீடு வந்து சேர எவ்வளவு நேரம் ஆகும். டம்ளர் காய்வதற்குள் அப்பாவின் காதுக்கு வந்துவிட்டது. அவர் கத்தவில்லை. கிணற்றடியில் கைகால் கழுவிவிட்டு வந்து, "பாகம் பிரிச்சிருவோம்" என்று மட்டும் சொன்னார். அம்மா புடைத்துக்கொண்டிருந்த சுளகைக் கீழே வைத்துவிட்டு எழுந்து நின்றாள்.

எங்கள் பக்கத்தில் பாகம் பிரிப்பதற்கு ஒரு வழக்கம் உண்டு: மூத்தவன் பங்கைக் கூறு போட வேண்டும், இளையவன் தனக்கு வேண்டியதை முதலில் எடுத்துக்கொள்ள வேண்டும். கூறு போடுகிறவன் ஏமாற்ற முடியாது என்பதற்காக முன்னோர்கள் வைத்த ஏற்பாடு. அவர்கள் என் பெரியப்பாவைப் பார்த்ததில்லை. வீடு, நிலம், கிணறு, மாடு எல்லாம் சமமாகத்தான் பிரித்தார். லாரி விஷயத்தில் வந்து முட்டி நின்றார்கள். ஒரு வண்டியை எப்படிப்பா ரெண்டாக்குவீக என்று ஊர்ப் பெரியவர்கள் தலையைச் சொறிய, பெரியப்பா சாவகாசமாக வெற்றிலையை மடித்துக்கொண்டே சொன்னார்: "என்ஜின் ஒரு பங்கு. மத்த லாரி, பெர்மிட்டு எல்லாம் ஒரு பங்கு. தம்பிக்கு என்ஜின் மேல ரொம்பப் பிரியம். இருந்தாலும் அவன் இஷ்டம், எடுத்துக்கிரட்டும்."

சபையில் சிரிப்பு எழுந்தது. லாரியைக் கேட்டால், இத்தனை நாள் உயர்த்திப் பேசிய என்ஜின் உதவாது என்று அப்பாவே ஒப்புக்கொண்டதாக ஆகிவிடும். என்ஜினைக் கேட்டால் பிழைப்பு போய்விடும். அப்பா கண் சிமிட்டுகிற நேரம்கூட யோசிக்கவில்லை. "எனக்கு என்ஜின் போதும்" என்றார். சிரிப்பு நின்றுபோனது. வீம்பு என்று எங்கள் ஊரில் சொல்வதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

என்ஜின் மாட்டு வண்டியில் வந்து இறங்கியது. வாசலில் இரண்டு பனந்துண்டுகளைப் போட்டு அதன்மேல் உட்கார வைத்தார்கள். அன்றைக்குச் சாயங்காலம் அம்மா அடுப்பு மூட்டவில்லை; நாங்கள் பொரிகடலை தின்றுவிட்டுப் படுத்தோம். லாரி ஓட்டத் தெரிந்த, லாரி இல்லாத, என்ஜின் மட்டும் இருக்கிற மனிதரைக் கட்டிக்கொண்ட பெண் வேறு என்ன செய்வாள். ஆனால் மறுநாள் காலையில் அவள் செய்த காரியம்தான் அவள் யாரென்று எனக்குக் காட்டியது: தன் பழைய சேலை ஒன்றை எடுத்து, தூசி படாமல் அந்த என்ஜினைப் போர்த்திவிட்டாள். "எதுக்கும்மா" என்று கேட்டேன். "இது ஓடணும்டி. உங்க பெரியப்பா காது கேக்க ஓடணும்" என்றாள்.

அப்பா அருப்புக்கோட்டையில் யாரோ ஒருவருடைய லாரிக்குச் சம்பள டிரைவராகப் போனார். அம்மா ஆடுகளை விற்றாள். சிலிண்டர் பிளாக்கைக் கழற்றி பஸ் டாப்பில் ஏற்றிக்கொண்டுபோய், மதுரையில் கடைந்து வாங்கி வந்தார் அப்பா. புது பிஸ்டன் ஒரு மாசம், ரிங் ஒரு மாசம், வால்வு ஒரு மாசம் என்று என்ஜின் எங்கள் தீபாவளித் துணியை எல்லாம் தின்று வளர்ந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் அப்பா உட்கார்ந்து ஒவ்வொன்றாகச் சேர்த்தார். நான் மண்ணெண்ணெய்த் தட்டில் போல்ட்டுகளைக் கழுவிக் கொடுப்பேன்.

இதற்கிடையில் பெரியப்பா டீசல் என்ஜின் வைத்துவிட்டார். பொய் சொல்வானேன், அது நன்றாகவே ஓடியது. தினமும் காலையில் எங்கள் வாசல் வந்ததும் பெரியப்பா வைத்த சம்பள டிரைவர் ஒரு ஹாரன் அடிப்பான். அம்மா கோலம் போடுகிற கை நின்று, பிறகு மறுபடி ஓடும்.

எங்கள் என்ஜின் உயிர் வந்து எழுந்தது ஒரு வெள்ளிக்கிழமை. ஹேண்டிலை அப்பா மூன்றாம் தடவை சுழற்றியபோது, சைலன்சர் இல்லாத அந்த இரும்பு போட்ட சத்தத்தில் கூரையில் இருந்த காக்கை எல்லாம் பறந்துபோனது. துளிப் புகை இல்லை. தெரு முழுக்கக் கூடிவிட்டது. மூன்று வீடு தள்ளியிருந்த பெரியப்பா வீட்டுக் கதவு மட்டும் சாத்தியே இருந்தது. அதன்பிறகு ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் விடிந்ததும் அதைக் கொஞ்ச நேரம் ஓடவிடுவது எங்கள் வீட்டு வழிபாடு ஆகிவிட்டது. ஒரு கரண்டி நெய்க்குக் கணக்குப் பார்க்கிற அம்மா, ஒரு வேலையும் செய்யாத என்ஜினுக்குப் பெட்ரோல் ஊற்ற ஒருநாளும் முகம் சுளித்ததில்லை. அந்தச் சத்தம் எனக்கும் பிடித்திருந்தது.

மறு வருசம் நல்ல மழை. வண்டி வண்டியாகப் பருத்தி வெடித்துக் கிடந்த மாசியில், பெரியப்பாவின் டீசல் என்ஜின் எம்.ரெட்டியபட்டி ரோட்டில் நட்டநடுவே உடைந்து நின்றது. என்ஜினுக்கு முதுகெலும்பான கிராங்க் துண்டாகிவிட்டது, புதுசு மெட்ராஸிலிருந்து வர வேண்டும், எப்போது வரும் என்று சொல்ல முடியாது. வியாபாரிகளோ காத்திருக்க மாட்டார்கள். அந்த லாரியில் அப்படியே தூக்கி உட்காரவைக்கிற மாதிரி உலகத்தில் ஒரே ஒரு என்ஜின்தான் இருந்தது. அது எங்கள் வாசலில் சேலை போர்த்திக்கொண்டிருந்தது.

பெரியப்பா தானாக வரவில்லை. ஊர்ப் பெரியவர் ஒருவரைத் தூது அனுப்பினார். குடும்ப மானம், தாத்தா தேடிய சொத்து என்றெல்லாம் அவர் பேசி முடித்ததும், அம்மா கதவுக்குப் பின்னால் இருந்தபடி சொன்னாள்: "டீக்கடையில சொன்னதை டீக்கடையிலயே வந்து திருப்பிக்கிரட்டும். வேற ஒண்ணும் வேண்டாம்." தூதர் போய்விட்டுத் திரும்பி வந்தார். பெரியப்பா அதற்குச் சம்மதிக்கவில்லை. தம்பிகிட்ட கைகட்டி நிக்கிறதுக்கு லாரி மண்ணாப் போகட்டும் என்றாராம். அப்பா கொஞ்ச நேரம் என்ஜினைப் பார்த்துக்கொண்டிருந்தார். "பரவாயில்ல. தாரேன்னு சொல்லுங்க" என்றார். அம்மா அவரை முறைத்தாள்.

மறுநாள் காலையிலிருந்து சாயங்காலம் வரை அப்பா அந்த என்ஜினைக் கழற்றினார். ஓடிக்கொண்டிருந்த என்ஜினை, கடைசி நட்டுவரை. பிஸ்டன், அதன் தண்டு, தண்டைக் கிராங்கோடு சேர்த்துப் பிடிக்கிற மூடி என்று அதில் ஆறு ஜோடி உண்டு. பார்க்க எல்லாம் ஒன்றுபோல இருந்தாலும் ஒன்றின் மூடி இன்னொன்றில் சேராது, மாற்றிப் போட்டால் என்ஜின் இறுகிக்கொள்ளும். அதற்காகத்தான் மெக்கானிக்குகள் புள்ளி குத்தி அடையாளம் வைப்பார்கள். அப்பா அந்தப் புள்ளிகளை அரத்தால் ராவி எடுத்தார். அம்மா வந்து பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தாள். அவள் முகத்தில் வெகுநாளைக்குப் பிறகு ஒரு சிரிப்பு வந்தது. ராவி முடித்ததும் அவர் ஒரு சின்ன உளியை எடுத்து, ஒவ்வொரு தண்டின் ஓரத்திலும் மூடியின் ஓரத்திலும் ஏதோ கொத்தினார். தெரிந்தவருக்கு அது எண். தெரியாதவருக்குப் பழைய இரும்பில் இருக்கிற பழைய காயம்.

"இது எதுக்கு" என்று அம்மா கேட்டாள்.

"அண்ணன் வருவாக. என்னைத் தவிர யாரும் மாட்ட முடியாதுன்னு தெரிஞ்சா, வந்துதானே ஆகணும்" என்றார் அப்பா. எந்த வெட்டு எந்த எண் என்று எனக்கும் சொல்லிக்கொடுத்தார்.

சாக்குகளில் கட்டி, மாட்டு வண்டியில் ஏற்றி, அதே டீக்கடை முன்னால் கொண்டுபோய் இறக்கினார். பெரியப்பா அங்கேதான் இருந்தார். "எண்ணிப் பாத்துக்கோங்க, ஒரு நட்டு குறையாது. கழட்டித்தான் குடுத்தீக, கழட்டியே திருப்பித் தாரேன்" என்று சொல்லிவிட்டு அப்பா நடந்து வந்துவிட்டார். எண்ணினால் உண்மையிலேயே குறையாது. ஹேண்டிலை மட்டும் அவர் கொடுக்கவில்லை. அது என்ஜின் பங்கா லாரிப் பங்கா என்று சபையில் யாரும் சொல்லவில்லை.

ஊர் ஊராக மெக்கானிக்குகள் வந்தார்கள். மாட்டினார்கள், இறுகியது, பிரித்தார்கள், மாற்றி மாட்டினார்கள், மறுபடி இறுகியது. அதற்குள் பருத்தி எல்லாம் வேறு லாரிகளில் போய்விட்டது. டீசல் கிராங்க் வந்து சேர்ந்தபோது லோடு கொடுக்க ஒரு வியாபாரியும் மிச்சமில்லை. டீசல் என்ஜினைத் தனியாகக் கழற்றி விற்றுவிட்டு, மூக்கு லாரியைப் புஞ்சை ஓரத்தில் தள்ளி நிறுத்தினார் பெரியப்பா. எனக்குப் பாயசம் குடித்ததுபோல இருந்தது. அப்பாவுக்கு அப்படி இருந்ததா என்று தெரியவில்லை. ரொம்ப நாளைக்கு, வாசலில் செருப்புச் சத்தம் கேட்டால் அவர் தலை மட்டும் திரும்பும். அண்ணன் வரவேயில்லை. கடைசிவரைக்கும் அடுத்தவர் லாரியை ஓட்டியே என் அப்பா செத்தார். சாவுக்கும் பெரியப்பா தெருமுனைவரை வந்து நின்றுவிட்டுத் திரும்பிப் போனார்.

இப்போது அந்த டீக்கடை இருந்த இடத்தில் செல்போன் கடை இருக்கிறது. பருத்தி விளைந்த காட்டில் சீமைக்கருவேலம் நிற்கிறது. பனந்துண்டு கிடந்த வாசலை விற்றுவிட்டு நான் டவுனுக்கு வந்து வெகுகாலம் ஆகிறது.

போன மாதம் பெரியப்பாவின் பேரன் என்னைத் தேடி வந்தான். கோயம்புத்தூரில் வேலை. நல்ல பையன், மரியாதையான பையன், காலைத் தொட்டுக் கும்பிட்டான். கருவேலங்காட்டுக்குள் கிடந்த மூக்கு லாரியை வெட்டி வெளியே எடுத்துவிட்டானாம். பழைய லாரிகளுக்கு இப்போது மவுசாம். என்ஜினைக் கட்டிய சாக்குகளும் பத்திரமாக இருந்தனவாம். அவன் தாத்தா கடைசிவரை அவற்றைக் கட்டிலுக்கு அடியில் வைத்திருந்தாராம், பழைய இரும்புக்காரனை வீட்டுப் பக்கம் வரவிட்டதில்லையாம். அதைக் கேட்டதும் என் கண் அவன் தலைக்குப் பின்னால் போனது. ஹேண்டில் அவனுடைய நாற்காலிக்கு நேர் பின்னால், கதவு மூலையில்தான் சாய்ந்திருந்தது.

"மெக்கானிக்கு, எது எதோட ஜோடின்னு தெரியலைங்கிறாரு அத்தை. அதையே சரி பண்றதா, வேற என்ஜின் வைக்கிறதான்னு குழப்பமா இருக்கு. உங்க அப்பாதான் வேலை பாத்தாகளாமே. உங்களுக்கு ஏதாச்சும் ஞாபகம் இருக்கா?"

"உங்க தாத்தா எங்க அப்பாவைப் பத்தி எப்பவாச்சும் ஏதாவது சொல்லியிருக்காரா?" என்று கேட்டேன்.

அவன் உண்மையாகவே யோசித்தான். "இல்ல அத்தை. சொன்ன மாதிரி தெரியல."

காபி ஆறுகிறது, குடி என்றேன். குடித்து முடிக்கும்வரை பொறுத்திருந்தேன்.

"வேற என்ஜினே வச்சிருப்பா. அந்த என்ஜின்ல புகைதான் வரும், இழுவை கிடையாது. உங்க தாத்தாவே சொன்னதுதான்."

சரிங்க அத்தை என்று சொல்லிவிட்டுப் போனான்.