பல நாட்டுக் கணக்குத் தாள்

தொண்ணூறுகளின் தொடக்கத்தில், அனகாபுத்தூர்ப் பக்கம் ஓர் அரசுப் பள்ளியில் எட்டாம் வகுப்புக்குக் கணக்கு எடுத்தேன். பெண்களுக்குக் கழிப்பறை கேட்டு நான் எழுதிய மனுக்களை அடுக்கினால் அதன்மேல் ஏறி நின்று ஒட்டடை அடிக்கலாம். வயதுக்கு வந்தவர்கள் ஒவ்வொருத்தியாகப் படிப்பை நிறுத்திக்கொண்டிருந்தார்கள்.

ஒருநாள் கல்வி அதிகாரி ஒரு வெளிநாட்டு அம்மாளை அழைத்து வந்தார். பள்ளிகளுக்கு எந்த நாடு எவ்வளவு செலவழிக்கிறது, பிள்ளைகள் எப்படிப் படிக்கிறார்கள் என்று ஒப்பிட்டுப் பார்க்கிறாராம். பல நாடுகளில் கொடுத்த அதே கணக்குத் தாளைத் தமிழில் கொண்டுவந்திருந்தார். முன் பெஞ்சு மட்டும் எழுதட்டும் என்று தலைமையாசிரியர் என் காதில் கிசுகிசுத்தார். எனக்குச் சுருக்கென்றது.

"மொத்த கிளாஸும் எழுதும் சார்" என்றேன். நன்றாக எழுதினால் அதிகாரி என் மனுவைத் திரும்பிப் பார்ப்பார் என்று ஒரு நப்பாசை.

நான்கு விடைகளில் ஒன்றை வட்டமிட்டால் போதும். எங்கள் பிள்ளைகளா விடுவார்கள்? பிள்ளையார் சுழியோ சிலுவையோ போட்டு, ஓரத்தில் கோடு கிழித்து, ஒவ்வொரு கணக்கையும் முழுசாகப் போட்டுக் காட்டிய பிறகுதான் வட்டம். விடை தப்பினாலும் ஸ்டெப்புக்கு மார்க் உண்டு என்று பழக்கியவள் நான்தானே.

அந்த அம்மாள் அங்கேயே திருத்தினார். பாதியில் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். பல மடங்கு செலவழிக்கும் தன் ஊர்ப் பள்ளிகளுக்கு இவர்கள் கொஞ்சமும் குறைவில்லை என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

அதிகாரி என் பக்கம் திரும்பிச் சிரித்தார். "பாத்தீங்களா டீச்சர்? செலவே இல்லாம ஃபர்ஸ்ட் கிளாஸ்! நீங்க என்னடான்னா அது இல்ல, இது இல்லன்னு எழுதிட்டே இருக்கீங்க."

நான் பிடிவாதமாக எழுதவைத்த தேர்வே என் மனுவுக்கு உலை வைத்துவிட்டது.

கடைசி பெஞ்சிலிருந்து ஒரு தறிக்காரர் மகள் எழுந்தாள். அதுவரை வகுப்பில் தானாக வாய் திறக்காதவள்.

"சார், பொண்ணுங்க யாரும் காத்தாலேந்து தண்ணி குடிக்கல. குடிச்சா எங்க போறது? தொண்ட காஞ்சிகினே எழுதினோம். பாத்ரூம் இருந்தா இன்னும் நல்லா எழுதிருப்போம் சார்."

அந்த நாளின் மார்க்கெல்லாம் ஒரு பக்கம் இருக்கட்டும். என் பெருமை அவள்தான்.

அவள் என்ன சொன்னாள் என்று வெளிநாட்டு அம்மாள் அதிகாரியைக் கேட்டார். அதிகாரி கைக்கடிகாரத்தைப் பார்த்தார். படிப்பை நிறுத்திய பெண்களையும் சேர்த்து, ஒரு ஸ்டெப்கூட விடாமல், நானே ஆங்கிலத்தில் சொன்னேன்.