மேல் வீட்டைக் காட்டிய ஞாயிற்றுக்கிழமை

ஒருத்தரை வீட்டைவிட்டுக் கிளப்புகிற வேலையை அவர் கையாலேயே செய்ய வைத்திருக்கிறீர்களா? நான் வைத்திருக்கிறேன். அதுவும் சிரித்த முகமாக, ‘அக்கா, அக்கா’ என்று கூப்பிட்டுக்கொண்டே.

எங்கள் வீடு திருப்பூரில் ஊத்துக்குளி ரோட்டுப் பக்கம். கீழே நாங்கள், மேலே வாடகைக்கு. மேலே நாலு வருஷமாக இருந்தவர்கள் தென்காசிப் பக்கத்துக் குடும்பம். அண்ணன் அருள்புரத்தில் ஒரு பனியன் கம்பெனியில் டெய்லர், தினமும் பைக்கில் போய் வருவார். அக்கா பக்கத்துக் கம்பெனியில் செக்கிங், அதாவது தைத்து வந்த பனியனில் ஓட்டை, கறை இருக்கிறதா என்று பார்க்கிற வேலை. ஒரே பெண், பத்தாவது. அவளுடைய பள்ளிக்கூடம் எங்கள் தெருமுனையிலேயே இருக்கிறது. போன ஜூனில் அக்கா கீழே இறங்கி வந்து அப்பாவிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

“பிள்ள பத்தாவது முடிக்கிற வரைக்கும் எங்கள அசைச்சிராதிய. அது போதும்.”

“அட, இருங்க சாமி. நாங்க என்ன தொரத்தியா உடப் போறோம்?” என்றார் அப்பா. நானும் அங்கேதான் உட்கார்ந்து போனைத் தள்ளிக்கொண்டிருந்தேன். காதில் விழுந்தது.

காலேஜ் முடித்துவிட்டு டிசம்பரில் வெட்டியாக இருந்தேன். ஃபேஷன் டிசைனிங் படித்தவளுக்கு ஒரு திமிர் உண்டு, எதைப் பார்த்தாலும் ‘இதை இன்னும் நன்றாகக் காட்டலாமே’ என்று தோன்றும். எதிர்த்தெருவில் இதே அளவு வீடு என்ன வாடகைக்குப் போகிறது என்று கேட்டுவந்து அப்பாவிடம் சீன் போட்டது நான்தான். நமக்கு வருவது அதில் பாதிதான் என்றேன். அப்பா முதலில் இழுத்தார்.

“பேச்சுக் குடுத்துட்டமே கண்ணு.”

“பேச்சுதானுங்கப்பா. எழுதியா குடுத்தீங்க?”

இதை நான்தான் சொன்னேன். இப்போது டைப் அடிக்கும்போதே அந்த வரியை அழித்துவிடலாமா என்று இருக்கிறது.

அது மார்கழி. மார்கழியில் யாரும் வீடு மாற மாட்டார்கள், ஆனால் எல்லாரும் வீடு பார்ப்பார்கள். தை பிறந்ததும் பால் காய்ச்சிவிட வேண்டும். ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனி மேனேஜர், அவர் மனைவி, நல்ல பார்ட்டி என்று அப்பா பிடித்த புரோக்கர் சொன்னார். ஞாயிற்றுக்கிழமை வருகிறார்கள். ஆனால் குடியிருப்பவர்களுக்கு முன்கூட்டியே சொன்னால் என்ன நடக்கும் என்று எல்லா ஓனருக்கும் தெரியும். வீட்டைப் போட்டது போட்டபடி வைத்திருப்பார்கள், வருகிறவர்களிடம் சுவர் ஓதம், தண்ணீர்ப் பிரச்சினை எல்லாவற்றையும் ஒப்பிப்பார்கள். அட்வான்ஸ் கைக்கு வந்தபிறகுதான் சொல்வது இங்கே வழக்கம்.

அதனால் ஒரு கதை ரெடி பண்ணினேன். மேலே போய்ச் சொன்னேன்: “அக்கா, எங்க சொந்தக்காரங்க வர்றாங்க. அவங்க புதுசா ஊடு கட்டப் போறாங்களாம், இதே பிளான்ல. ஒருக்கா உள்ள வந்து பாத்துட்டுப் போயிடுவாங்க. கொஞ்சம் நீட்டா வெச்சுக்கறீங்களா?”

“இதுக்குப் போயி ஏன் பிள்ள இப்படிக் கெஞ்சுத? ஒங்க வீடுதான. எத்தன பேரு வாராவ? காப்பி போடணும்லா.”

வருகிறவர்களுக்கு வேறு கதை. இருக்கிறவர்கள் சொந்த ஊருக்கே போகிறார்கள், அவர்களிடம் காலி செய்வது பற்றிப் பேச்செடுக்காதீர்கள், மனசு கஷ்டப்படுவார்கள் என்று. இரண்டு பக்கமும் நான் கட்டிய கதை. கெத்தாக இருந்தது.

ஞாயிறு காலை ஒன்பது மணிக்கே மேலே போனேன். அண்ணன் ஓவர்டைமுக்குப் போயிருந்தார். பெண் ஸ்பெஷல் கிளாஸுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். ஹால் சுவரில் அவள் ஸ்கெட்ச் பேனாவில் எழுதி ஒட்டிய படிக்கிற டைம்டேபிள். கண்ணை உறுத்தியது. எடுக்கச் சொன்னேன்.

“பிஞ்சிரும்க்கா, நானே எடுக்கேன்” என்று நகத்தால் ஒவ்வொரு டேப்பாக உரித்துச் சுருட்டி லாஃப்ட்டில் வைத்துவிட்டுப் போனாள்.

அக்கா கம்பெனியில் கழித்துப்போட்ட துணியில் புதிதாகத் திரை தைத்து மாட்டியிருந்தார். வெளிர்நீலம். நான் வாங்கினால்கூட அந்தக் கலர் தோன்றியிருக்காது. சமையல் மேடை பளபளவென்று இருந்தது. பீரோ மட்டும் இடம் மாறியிருந்தது. பாத்ரூமை ஒட்டிய சுவரில் ஆளுயரத்துக்கு ஓதம், பெயின்ட் பொரிந்து உதிரும். ஒரு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தார், நாங்கள் பார்க்கிறோம் பார்க்கிறோம் என்று தள்ளிக்கொண்டிருந்தோம். பீரோ இப்போது அந்தச் சுவரை மறைத்துக்கொண்டு நின்றது.

“காலையில நானும் பிள்ளையும் நவுத்துனோம். ஒங்க ஆளுக முன்னால அப்பாவுக்கு ஒரு கொறச்சலா ஆயிரக் கூடாதுல்லா.”

எனக்கு அப்போது என்ன தோன்றியது தெரியுமா? ‘செம! என் வேலை மிச்சம்.’ அவ்வளவுதான் தோன்றியது.

பதினோரு மணிக்கு அவர்கள் வந்தார்கள். அக்கா வாசலுக்கே வந்து கூப்பிட்டார். எல்லாருக்கும் கருப்பட்டிக் காப்பி. பிறகு வீட்டைச் சுற்றிக் காட்டினார். நான் வாயே திறக்க வேண்டியிருக்கவில்லை.

“இந்த சன்னலத் தொறந்து வச்சா ஃபேனே வேண்டாம். அடுப்படியில சாயங்காலம் வரைக்கும் வெளிச்சம் இருக்கும். நீங்க கட்டும்போது இதே மாதிரி வையிங்க.”

மேனேஜர் மனைவிக்கு ‘நீங்க கட்டும்போது’ புரியவில்லை. ஆனால் முகம் மலர்ந்துவிட்டது. “ஏனுங்க, இங்க பாருங்க, காத்து எப்படி வருதுன்னு” என்று வீட்டுக்காரரைக் கூப்பிட்டார்.

“எனக்கு இந்தக் காப்பியே போதும், ஊடு புடிச்சுப் போச்சு” என்றார் அவர். எல்லாரும் சிரித்தோம். அக்காதான் ரொம்பச் சிரித்தார்.

அப்புறம் அந்தம்மா கேட்டார், “டேப் ஏதாச்சும் இருக்குதுங்களா?”

டெய்லர் வீட்டில் டேப்புக்கா பஞ்சம்? அக்கா உள்ளே போய் எடுத்துவந்தார். ஒரு முனையை அந்தம்மா பிடிக்க, மறுமுனையைச் சுவரோரம் குனிந்து அக்கா பிடித்துக்கொண்டார். அளவை வாய்விட்டுச் சொன்னதும் அவர்தான். “முப்பத்தி நாலு இஞ்சி இருக்குக்கா.”

“அப்ப நம்ம ஃப்ரிட்ஜு இங்க நிக்குமாட்ட இருக்குதுங்க” என்றார் அந்தம்மா வீட்டுக்காரரிடம். சந்தோஷத்தில் நான் சொல்லிவைத்தது மறந்துபோயிருக்க வேண்டும். திரும்பி, “நீங்க எப்பங்க காலி பண்றீங்க? தை மொத வாரத்துல நாங்க பால் காச்சோணும்” என்றார்.

அக்கா குனிந்தபடியே என்னைப் பார்த்தார். டேப்பை விடவில்லை. நான் போனை எடுத்து ஏதோ மெசேஜ் வந்ததுபோலப் பார்த்தேன்.

கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். பீரோவை நகர்த்தி ஓதத்தைக் காட்டியிருக்கலாம், ஒரு வார்த்தையில் எல்லாம் முடிந்திருக்கும். அவர் எழுந்து, டேப்பைச் சுருட்டி, “எங்க வீட்டுக்காரரு வந்ததும் கேட்டுச் சொல்லுதேன்க்கா” என்றார். பிறகு காலி டம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். குழாய்ச் சத்தம் ரொம்ப நேரம் கேட்டது.

அவர்கள் கிளம்பும்போதே அப்பாவிடம் அட்வான்ஸ் கொடுத்துவிட்டார்கள். அவர்கள் போனபிறகு மேலே போனேன். ‘ஸாரி’ என்று சொல்லத்தான் போனேன், சத்தியமாக. வாயில் வந்தது, “அப்பாதான்க்கா…” பழியை அவர் தலையில் போட்டேன்.

“பரீச்சைக்கு ரெண்டு மாசந்தான் பிள்ள இருக்கு” என்றார் அக்கா. கோபமாகக்கூட இல்லை. கணக்குப் பார்ப்பதுபோலச் சொன்னார். “மொதல்லயே சொல்லிருந்தா பக்கத்துலயே வீடு தேடிருப்போம்லா.”

அப்பாவிடம் போய், பரீட்சை முடிகிறவரை விட்டுவிடலாம் என்றேன். “அட்வான்ஸ் வாங்கியாச்சு கண்ணு. அவங்க தையிலயே வரோணும்னு நிக்கறாங்க. நீதான ஆரமிச்ச?” என்றார். நானே பக்கத்தில் வீடு தேடித் தருகிறேன் என்று அக்காவிடம் சொன்னதற்கு, “வேண்டாம் பிள்ள, நீ காட்டுனது போதும்” என்றார்.

பக்கத்தில் எதுவும் அமையவில்லை. அண்ணனுடைய கம்பெனிக்கு அருகில், அருள்புரத்தில் வரிசையாக ஒட்டிக் கட்டிய லைன் வீடு ஒன்று கிடைத்தது. தை பிறப்பதற்கு முந்தின நாளே டாடா ஏஸில் சாமான்களை ஏற்றிவிட்டார்கள். மார்கழியில் வீடு மாறிய ஒரே குடும்பத்தை அன்றுதான் பார்த்தேன். நான் ஜன்னலுக்குப் பின்னால் நின்றுகொண்டேன். பெண் டைம்டேபிள் சுருளைக் கையிலேயே வைத்துக்கொண்டு வண்டியில் ஏறினாள். சாவி வாங்க அம்மாவை அனுப்பினேன். வீட்டைக் கழுவிவிட்டுத்தான் கொடுத்தார்களாம்.

பொதுத்தேர்வு நேரத்தில் பள்ளிக்கூடம் மாற்ற முடியாது. அவள் அங்கிருந்து இரண்டு பஸ் மாறி வருகிறாள். எங்கள் வீட்டு கேட்டிலிருந்து பார்த்தால் பஸ் ஸ்டாப் தெரியும். பரீட்சை ஆரம்பித்ததிலிருந்து காலையில் நான் கேட்டுக்கு வெளியே போவதில்லை, உள்ளே நின்று பார்க்கிறேன். அவள் எங்கள் வீட்டைத் தாண்டும்போது மறுபக்கம் போய் நடக்கிறாள்.

இன்று கணக்குப் பரீட்சை, பத்து மணிக்கு. மணி ஒன்பதரை. பஸ் இன்னும் வரவில்லை.