வயிற்றை உள்ளே இழுத்தவர்

என் வீட்டுக்காரருக்கு இரண்டு மாதமாக வறட்டு இருமல். கேட்டால், "ஒண்ணும் இல்ல லா, ஏர்கோன் காத்து" என்பார். மலேசியாவில், கிள்ளானில் இருக்கும் எங்கள் வீட்டில் அந்த ஏ.சி. கெட்டுப்போய் அப்போது ஆறு மாதம் ஆகியிருந்தது. இவர் வாயைத் திறக்கமாட்டார் என்று தெரிந்து, இரத்த அழுத்தத்துக்கு வழக்கமாகப் போகும் கிளினிக்கில் நானே டாக்டரிடம் போட்டுக்கொடுத்துவிட்டேன்.

டாக்டர் தமிழ்ப் பெண், என் மகள் வயதிருக்கும். ஸ்டெதஸ்கோப்பை இவர் முதுகில் வைத்தவர் எப்போதும்போல் உடனே எடுக்கவில்லை. கீழே, இன்னும் கீழே என்று நகர்த்தி இரண்டு பக்கமும் மாறி மாறிக் கேட்டார். பிறகு, பி.பி. பார்க்கக் கையில் சுற்றும் பட்டையை எடுத்து, அதன் வெல்க்ரோ ஒட்டை மெதுவாகப் பிரித்துக் காட்டினார். சரசரவென்று சத்தம் வந்தது.

"ஆன்டி, அங்கிள் மூச்சு இழுக்கிறப்ப அடியில இந்த மாதிரி கேக்குது. எக்ஸ்ரே எடுத்துப் பாத்துருவோம்."

அன்றே எடுத்தார்கள். படத்தில் நுரையீரலின் அடிப்பகுதி இரண்டு பக்கமும் வெள்ளையாக, புகைமூட்டம்போல் இருந்தது. டாக்டர் என்ன வேலை பார்த்தீர்கள் என்று கேட்டார்.

"ஷா ஆலம்ல கல்லு வெட்டுற ஃபேக்டரி. குசினியில அடுப்பு மேடைக்குப் போடுவாங்களே, அந்தக் கல்லு. இருவத்தாறு வருஷம்" என்றார் இவர், ஏதோ விருது வாங்கியவர் மாதிரி.

டாக்டரின் பேனா நின்றது. கல்தூசியால் நுரையீரலில் தழும்பு விழுந்திருக்கலாம், சிடி ஸ்கேன் எடுத்தால்தான் தெரியும் என்றார். தழும்பு விழுந்த இடம் சரியாக விரியாதாம். விழுந்தால் மறையவும் மறையாதாம்.

எனக்கு உடனே சுங்கை பூலோவில் இருக்கும் இவருடைய கூட்டாளி நினைவுக்கு வந்தார். ஒரே ஃபேக்டரி, பக்கத்துப் பக்கத்து மெஷின். தீபாவளிக்குப் போனபோது மூக்கில் ஆக்ஸிஜன் குழாயோடு உட்கார்ந்திருந்தார். குசினியிலிருந்து கூடத்துக்கு வர இரண்டு இடத்தில் நின்று வந்தார். இவரும் அப்படி ஆகிவிடுவாரோ என்று பயந்தேன். வேறு எதையும் நினைக்க முடியவில்லை.

ஸ்கேனுக்கு மூன்று வாரம் காத்திருந்தோம். அந்தச் சரசரச் சத்தம் கேட்கக்கூடாதென்று வீட்டிலிருந்த பி.பி. மெஷினை அலமாரியில் வைத்துப் பூட்டினேன். பேத்தி பள்ளிவிட்டு வந்து காலில் போட்ட சப்பாத்தின் ஒட்டைப் பிரிக்கும்போதெல்லாம் நான் குசினிக்குள் போய்விடுவேன். நான் வாயாடி. ஈரத்துண்டைக் கட்டிலில் போட்டாலே ஒரு பாட்டம் திட்டுவேன். அந்த மூன்று வாரமும் துண்டை எடுத்துக் காயப்போட்டுவிட்டு சும்மா இருந்தேன்.

"நீ திட்டாம இருக்கிறதுதான் எனக்குப் பயமா இருக்கு" என்றார் ஒரு நாள்.

ஸ்கேன் முடிந்து வெளியே வந்தவர், "மல்லாக்கப் படுக்க வச்சு எடுத்தாங்க. அப்புறம் குப்புறப் படுக்கச் சொல்லி மறுபடி எடுத்தாங்க" என்றார். ஏதோ மோசமாகத் தெரிந்துதான் திரும்ப எடுத்திருக்கிறார்கள் என்று நான் முடிவே கட்டிவிட்டேன். இவர் நேரே பிரிக்பீல்ட்ஸ் சாப்பாட்டுக் கடைக்குக் காரை விட்டார். வாழையிலையில் இரண்டு முறை சோறு வாங்கிச் சாப்பிட்டார். எனக்கு ரசம்கூட இறங்கவில்லை.

அடுத்த வாரம் டாக்டர் இரண்டு படங்களையும் கம்ப்யூட்டரில் காட்டினார். மல்லாந்து படுத்த படத்தில் அடிப்பகுதி வெள்ளை. குப்புறப் படுத்த படத்தில் அந்த வெள்ளை அநேகமாகக் காணோம்.

"தழும்பா இருந்தா எப்படிப் படுத்தாலும் அங்கயேதான் இருக்கும், ஆன்டி. இது மல்லாந்து படுத்ததுல சும்மா அமுங்கியிருந்த இடம். விரிஞ்சதும் போயிருச்சு. வலது பக்கம் ஓரத்துல கட்டைவிரல் நகம் அளவுக்கு இருக்கு பாருங்க, அது மட்டும்தான் தழும்பு."

நான் மூச்சு விட்டேன். டாக்டருக்கு ஒரு சந்தேகம் மிச்சமிருந்தது. நின்றபடி எடுத்த முதல் எக்ஸ்ரே ஏன் அவ்வளவு மோசமாக வந்தது? இவரை நன்றாக மூச்சை இழுக்கச் சொல்லிவிட்டு முன்னால் நின்று பார்த்தார்.

"அங்கிள், மூச்சு இழுக்கிறப்ப ஏன் வயிறு உள்ள போகுது?"

இவர் என்னைப் பார்த்தார். நான் சுவரைப் பார்த்தேன்.

கல்யாணத்தன்று ஆரம்பித்தது அது. படம் பிடிக்க யார் நின்றாலும், "என்னங்க, வயித்த உள்ள இழுங்க" என்று இவர் காதில் சொல்வது என் வழக்கம். எக்ஸ்ரே அறையில் இருந்தது ஒரு சின்ன வயதுப் பெண். சட்டையைக் கழற்றிவிட்டு உள்ளே போகிறாரே என்று அன்றைக்கும் வாசலில் வைத்துச் சொல்லியிருந்தேன். இத்தனை வருடத்தில் நான் பக்கத்தில் இருந்தாலே வயிறு தானாக உள்ளே போக இவருக்குப் பழகிவிட்டது.

"வயித்த இழுத்துப் பிடிச்சா அடி வரைக்கும் காத்து போகாது, ஆன்டி" என்று டாக்டர் சிரித்தார். "படத்துல வெள்ளையாத் தெரியும், சத்தமும் வரும்."

எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. அதைவிடப் பெரிதாக ஒரு சந்தோஷம். என்னை வெளியே போகச் சொல்லாமல், சுவர்ப்பக்கம் திரும்பி நிற்கச் சொன்னார் டாக்டர். இவரை ஏழெட்டு முறை வயிறு தள்ள மூச்சை இழுக்கவைத்து, இருமச் சொல்லி, மறுபடி கேட்டார். இடது பக்கம் சுத்தம். வலது ஓரத்தில் மட்டும் அந்தச் சரசரப்பு கொஞ்சம் இருந்தது.

"இது இருக்கும். ஆறு மாசத்துக்கு ஒரு தடவ வாங்க, நான் கேக்கிறேன். கூடாம இருந்தாப் போதும்."

இருமலுக்குக் காரணம் பி.பி. மாத்திரையாக இருக்கலாம் என்று அதையும் மாற்றிக் கொடுத்தார். ஒரு மாதத்தில் இருமல் நின்றது. ஈரத்துண்டுக்கு நானும் பழையபடி திட்ட ஆரம்பித்தேன்.

போன மாதம் பேத்தியின் பிறந்தநாள். கேக்கைச் சுற்றி எல்லோரும் நின்றோம். மருமகன் கைப்பேசியைத் தூக்கியதும், பக்கத்தில் இவர் வயிறு மெல்ல உள்ளே போவது தெரிந்தது.

"விடுங்க" என்றேன்.

"படம் எடுக்கிறாங்கம்மா."

"எடுக்கட்டும். நீங்க மூச்ச விடுங்க."

அந்தப் படத்தைத்தான் கூடத்தில் மாட்டியிருக்கிறேன். கேக்குக்கு முன்னால் இவர் வயிறு நிற்கிறது. சட்டையில் ஒரு பொத்தான் திறந்திருக்கிறது. வருகிறவர்கள் சிரிக்கிறார்கள், சிரிக்கட்டும். நான் தினமும் காலையில் அதைப் பார்த்துவிட்டுத்தான் அடுப்பைப் பற்றவைக்கிறேன்.